செருப்பைக் காத்தவள்

தங்கை அந்த நாவலைப் படமாக எடுக்கப்போகிறாள் என்பது எனக்குப் பேப்பர் பார்த்துத்தான் தெரிந்தது. முந்தின நாள் அவள் இரண்டு தடவை போன் செய்திருந்தாள். நான் எடுக்கவில்லை. பேங்கில் வேலை அதிகம் என்று சொல்லிக்கொள்ளலாம். எடுக்கப் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை. அவள் போன் செய்தாலே ஏதாவது நல்ல செய்தி இருக்கும்.

மறுநாள் காலை, கல்கத்தா பவானிபூர் வீட்டில் காபியோடு வங்காளப் பேப்பரைப் பிரிக்கிறேன், உள்பக்கத்தில் இவள். முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, பெரிய யோசனைக்காரி மாதிரி ஒரு பார்வை. இந்த ஊரில் எழுத்துக்கூட்டத் தெரிந்த குழந்தை எல்லாம் படித்து வளர்ந்த மாயக்கதை அது. எத்தனையோ பெரிய டைரக்டர்கள் கேட்டும் எழுத்தாளரின் குடும்பம் கொடுக்கவில்லை. கடைசியில் போயும் போயும் ஒரு தமிழ்ப் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறார்களே என்று பேப்பர்காரருக்கு ஒரே ஆச்சரியம். எப்படி இந்தக் கதை உங்களுக்குப் பழக்கம் என்று கேட்டிருக்கிறார். இவள் சொல்கிறாள்: சின்ன வயதில் மத்தியான வேளைகளில் எங்கள் வீட்டில் இதைப் படிப்பார்கள், அப்போதிருந்து என்னோடேயே இருக்கிறது.

படிப்பார்களாம். யார் படிப்பார்கள்? ரேடியோவா? தொண்டை வறள வறளப் படித்தவள் நான். அந்த வயதில் அவளுக்கு வங்காள எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாது.

என் வீட்டுக்காரர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, “அட, நம்ம கொழுந்தியா! போன் போட்டு நாலு வார்த்தை நல்லாச் சொல்லு” என்றார்.

“காபி ஆறுது, குடிங்க” என்றேன்.

பொறாமை என்று சொன்னால் சின்ன வார்த்தையாக இருக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது. நிஜமாகவே எரிந்தது. மத்தியானம் ஜெலுசில் குடித்தேன்.

அப்பா திருநெல்வேலியிலிருந்து பேங்க் வேலைக்குக் கல்கத்தா வந்தவர். லேக் கார்டன்ஸில் ஒரு வங்காளி வீட்டின் மாடியில் குடியிருந்தோம். இருக்கிற ஊர்ப் பாஷை எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்று அப்பாவுக்குப் பிடிவாதம். என்னைப் பக்கத்திலிருந்த வங்காளப் பள்ளிக்கூடத்தில் போட்டார். ஆறு வருஷம் கழித்துப் பிறந்த தங்கைக்குப் பள்ளிக்கூடம் பார்க்கும்போது அவருக்குச் சம்பளமும் கூடியிருந்தது, பிடிவாதமும் தளர்ந்திருந்தது. அவள் டை கட்டிக்கொண்டு இங்கிலீஷ் ஸ்கூலுக்குப் போனாள். இரண்டாம் பாஷை ஹிந்தி. அம்மாவுக்குக் காய்கறிக்காரனிடம் பேரம் பேசும் அளவுக்கு வங்காளம் வரும், அவ்வளவுதான். ஆக வீட்டில் வங்காளம் வாசிக்கத் தெரிந்தவர்கள் அப்பாவும் நானும். அப்பா ஆபீஸ் ஃபைலைத் தவிர எதையும் வாசிக்க மாட்டார்.

எனக்குப் பழக்கமாகட்டும் என்று அப்பா நடைபாதைக் கடையில் ஒரு பழைய பூஜை மலர் வாங்கி வந்தார். நம் தீபாவளி மலர் மாதிரிதான். துர்கா பூஜைக்கு முன்னால் இங்கே குழந்தைப் பத்திரிகைகள் தலையணை தடிமனுக்கு மலர் போடும். முழு நாவலே அதில் வந்துவிடும். பிறகு எழுத்தாளர் சாவகாசமாக அடித்துத் திருத்திப் புத்தகமாகக் கொண்டுவருவார். அதனால், ‘மலரில் அந்த இடம் இருந்தது, புத்தகத்தில் எடுத்துவிட்டார்கள்’ என்று சண்டை போடாத வங்காளி கிடையாது. அப்பா வாங்கி வந்தது நாங்கள் பிறப்பதற்கு முன்னால் வந்த மலர். அட்டை போயிருந்தது. அதில்தான் அந்த நாவல்.

கோடை லீவில் மத்தியானம் கரண்ட் போய்விடும். ஜன்னலைச் சாத்திவிட்டு அம்மா வெறும் தரையில் படுப்பாள். தங்கை அம்மாவின் வயிற்றில் தலையை வைத்துக்கொள்வாள். நான் சுவரில் சாய்ந்து, ஒரு வாக்கியத்தை மனசுக்குள் வங்காளத்தில் படித்து, வாயால் தமிழில் சொல்வேன். கூட்டெழுத்து கடினமாக இருந்தால் தாண்டிவிடுவேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடுவாள். “ஏளா, நடுவுல என்னத்தயோ முழுங்குத. ஒழுங்காச் சொல்லு” என்பாள்.

கதை இதுதான். ஓர் ஊரில் எல்லோருடைய நிழலையும் ஒரு ராஜா திருடிக்கொண்டு போய்விடுகிறான். அந்த நேரத்தில் கட்டிலுக்கடியில் ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்த அக்கா தங்கை இருவருக்கு மட்டும் நிழல் மிச்சம். ஊராரின் நிழலை மீட்க இருவரும் புறப்படுகிறார்கள். வழியில் ஓர் ஆறு. படகில் ஓர் ஆள்தான் ஏறலாம், அதுவும் எடை குறைந்த ஆள், செருப்புகூடக் கூடாது என்கிறான் படகுக்காரன். தங்கை செருப்பைக் கழற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டு ஏறிப் போகிறாள். அதற்கப்புறம் பக்கம் பக்கமாகத் தங்கைதான். பேசும் ஆந்தை அவளோடுதான் பேசுகிறது, நிழல் கிடங்கின் சாவி அவளிடம்தான் கிடைக்கிறது. அக்கா என்ன ஆனாள்? கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி. அக்கா வேறு வழியாக வீடு வந்து சேர்ந்திருந்தாள்.

எப்படி வந்தாள்? அதுவரை என்ன செய்தாள்? சாப்பிட்டாளா? ஒன்றும் கிடையாது. பன்னிரண்டு வயசில் அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. ஜன்னலோரப் படுக்கை, புது ஜியாமெட்ரி பெட்டி, அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நிற்பது என்று எங்கள் வீட்டிலும் எல்லாம் சின்னவளுக்குத்தான். கதையிலுமா?

அந்த வரியை நான் வாசிக்கவில்லை. புத்தகத்தைப் பார்த்தபடியே நானாகச் சொன்னேன். மீட்ட நிழல்களைப் பாய் மாதிரி சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தங்கை படகில் திரும்புகிறாள். படகுக்காரன் அவள் ஏறிய துறைக்கு விடாமல், ஆற்றோடு நேராக ஊர்ப் பக்கம் விடுகிறான். பாதி ஆற்றில் அவளுக்குச் சுரீரென்கிறது. திருப்பு, என் அக்கா அந்தக் கரையில் இருக்கிறாள் என்று கத்துகிறாள். அவன் முடியாது என்கிறான். திருப்பாவிட்டால் இத்தனை நிழலையும் தண்ணீரில் போட்டுவிடுவேன் என்கிறாள். படகு திரும்புகிறது. கரையில், விட்ட இடத்திலேயே, கையில் செருப்போடு அக்கா. உன்னை மறந்துட்டேன்க்கா என்கிறாள் தங்கை. தெரியும், செருப்பைப் போடு, மண் சுடுது என்கிறாள் அக்கா.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தங்கை எழுந்து உட்கார்ந்து, “திரும்பச் சொல்லு” என்றாள். அந்த லீவு முழுக்க அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள். நானும் ஒவ்வொரு தடவையும் மலரைப் பிரித்து வைத்துக்கொண்டு, சரியான இடத்தில் பக்கத்தைக்கூடப் புரட்டி, இல்லாததை வாசித்தேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. யாருக்குத்தான் வாசிக்கத் தெரியும்?

பிறகு அவள் சினிமா படிக்கப் போனாள். வங்காளத்தை என்னைவிடச் சரளமாகப் பேசினாள், நிதானமாகப் படிக்கவும் கற்றுக்கொண்டாள். விளம்பரப் படங்கள் எடுத்தாள், பரிசு வாங்கினாள். நான் அப்பா வழியில் பேங்குக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வங்காளக் கதைகளைத் தமிழில் மொழிபெயர்த்துச் சிறுபத்திரிகைகளுக்கு அனுப்புவேன். அச்சான பிரதி எனக்கு வந்து சேரவே நாலு மாசம் ஆகும். லேக் கார்டன்ஸ் வீட்டைக் காலி செய்தபோது அந்தப் பூஜை மலரைத் தங்கை கேட்டாள். வீடு மாற்றியதில் எங்கோ போய்விட்டது என்றேன். பொய். என் பீரோவில், கல்யாணப் புடவைக்கு அடியில், ரசகற்பூர உருண்டையோடு பத்திரமாக இருந்தது. அதையாவது அவளுக்குக் கொடுக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது எனக்கு.

பேப்பரில் அவள் படம் வந்த பிறகு அவள் திரைக்கதையை வாட்ஸாப்பில் அனுப்பினாள். ‘வங்காளத்துல தப்பு இருந்தா மட்டும் பாரு’ என்று ஒரு வரி. ஆகா, பிழை திருத்தும் உத்தியோகம். பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாக இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் வந்ததும் கை நின்றுவிட்டது. ஆறு, படகு, கக்கத்தில் நிழல் சுருள், கரையில் அக்கா. மண் சுடுகிறது என்பது வரைக்கும் வங்காளத்தில் அப்படியே இருந்தது. முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். கதை என்று எழுத்தாளர் பெயர். திரைக்கதை, வசனம், இயக்கம் என்று அவள் பெயர். பன்னிரண்டு வயசில் இட்டுக்கட்டியவளின் பெயர் எங்கும் இல்லை.

இவள் இன்னும் அது மலரில் இருந்ததாகவே நம்பிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். உடனே போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நம்பட்டும், நல்ல இடம் பார்த்து, நாலு பேர் முன்னால் உடைக்கலாம் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்போது அந்தக் கணக்கு எனக்கு இனித்தது.

குளிர் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே வந்தாள். கையில் வெல்லச் சந்தேஷ் இனிப்புப் பெட்டி. உட்காரக்கூட இல்லை.

“யக்கா, சிக்கலாயிட்டு. காகு கையெழுத்துப் போட மாட்டேங்காரு.”

காகு என்றால் வங்காளத்தில் சித்தப்பா. அவள் அப்படிக் கூப்பிடுவது எழுத்தாளரின் மகனை. எழுபதைத் தாண்டியவர். தன் அப்பா எழுதாத எதையும் படத்தில் சேர்க்கக்கூடாது, திரைக்கதையைத் தான் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஷூட்டிங் என்பது அவர் போட்ட ஒப்பந்தம்.

“என்னவாம்?”

“அந்த ஆத்தங்கரை சீன் அவங்க அப்பா எழுதினதே இல்லங்காரு. நான் சொல்லிட்டேன், புஸ்தகத்துல எடுத்துட்டாங்க, பூஜை மலர்ல இருந்துச்சு, எங்க வீட்ல அது இருந்துச்சுன்னு. அவர்ட்ட இருந்த மலர யாரோ வாங்கிட்டுப் போயித் திருப்பியே குடுக்கலியாம்.” கொஞ்சம் நிறுத்தினாள். “நம்ம மலரும் வீடு மாத்தையில தொலைஞ்சுதான போச்சு?”

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

“தொலைஞ்சுதான் போச்சு” என்றேன்.

அவளுக்கு மூச்சு வந்த மாதிரி இருந்தது. அதை நான் கவனித்தேன். ஏன் என்று யோசிக்கவில்லை.

“அப்ப நீ ஒருக்க வந்து சொல்லு. நீதான வாசிச்ச. பேங்க் ஆபீஸர் சொன்னா நம்புவாரு.”

“நாந்தான் வாசிச்சேன்னு இப்பவாவது ஞாபகம் வந்துச்சே.”

“தூர், பேப்பரச் சொல்லுதியா? அவன் வெட்டிட்டான்க்கா.”

அவன் வெட்டினானோ, இவள் சொல்லவே இல்லையோ, யார் கண்டது. “அவருக்குப் பிடிக்கலன்னா அந்த சீனை வெட்டிர வேண்டியதுதான?” என்றேன்.

“அத வெட்டிட்டா படமே வேண்டாம். அதுக்காகத்தான் இந்தப் படத்தையே எடுக்கேன்.” அவள் குரல் கம்மியது. “ஏற்கெனவே தங்கச்சியா நடிக்கப்போற சின்னப் பிள்ளைக்கு முன்பல் ஆடுது. இந்த மாசம் ஷூட் பண்ணலன்னா விழுந்துரும். பொக்கைவாயோட வேற பிள்ளை மாதிரி இருக்கும்.”

அவள் போனதும் பீரோவைத் திறந்தேன். மலரை எடுத்து அந்தக் கடைசிப் பக்கங்களை ஒருமுறை பார்த்தேன். இருக்காது என்று எனக்குத் தெரியாதா? இருந்தும் தேடினேன். இல்லை. அந்த ஒரே வரிதான் இருந்தது. மலரைத் தோள்பையில் வைத்தேன்.

எழுத்தாளரின் மகன் பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தார். ரயில் போகும்போதெல்லாம் புத்தக அலமாரியின் கண்ணாடி நடுங்கியது. எங்களை “வாங்கம்மா” என்று வங்காளத்தில் உட்காரவைத்து, டீயும் பொரியும் வரவழைத்தார். நல்ல மனுஷர். பார்த்தாலே பொய் சொல்ல வராத முகம். மேஜையில் திரைக்கதை, அதன்மேல் ஒரு சிவப்புப் பென்சில்.

“அக்காதான் வாசித்தவள்” என்று தங்கை ஆரம்பித்தாள்.

நான் பையிலிருந்து மலரை எடுத்து மேஜையில் வைத்தேன்.

தங்கையின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆச்சரியம் என்று நினைத்தேன். “யக்கா, என்ன காரியம் பண்ணுத?” என்று மூச்சுக்குள்ளேயே கேட்டாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

அவர் மலரை இரண்டு கையாலும் தூக்கி முகர்ந்து பார்த்தார். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, கடைசி அத்தியாயத்தை வரி வரியாக வாசித்தார். டீயில் ஆடை படிந்தது. வாசித்து முடித்து, “இதில் இல்லையே அம்மா?” என்று தங்கையைப் பார்த்தார்.

“இருக்காது. அது நான் சொன்னது” என்றேன்.

சொன்னேன், எல்லாவற்றையும். கரண்ட் போன மத்தியானங்கள், தமிழில் சொன்னது, கோபம் வந்து இட்டுக்கட்டியது, பக்கம் புரட்டியது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன். இவள் படத்தில் இவளுக்கே உயிரான இடம் என்னுடையது. இதைச் சொல்லத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். பிறகு வருத்தத்தோடு, “அப்படியென்றால் இது அப்பாவுடையது இல்லை” என்று திரைக்கதையை இழுத்து, அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, சிவப்புப் பென்சிலால் மேல் மூலையிலிருந்து கோடு போட ஆரம்பித்தார்.

தங்கை அழவில்லை. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு அந்தப் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடிபடுவது அவள் காட்சி மட்டும் இல்லை. என்னுடையதுதான். உலகத்தில் அது இருந்த ஒரே இடம் அந்தத் தாள். அதைக் கொண்டுவந்து கொடுத்துக் கொல்லச் சொன்னவளும் நான்தான். சீ, என்ன பிறவி நான்!

“காகு, ஒரு நிமிஷம். கோடு போடுமுன் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.”

“படித்தேனே அம்மா.”

“நான் சொன்ன மாதிரி கேட்கவில்லையே.”

பென்சிலைக் கீழே வைத்தார். நான் வங்காளத்தில் ஆரம்பித்தேன். வரவில்லை. இத்தனை வங்காளக் கதைகளைத் தமிழாக்கியவளுக்கு, இந்த ஒன்றை வங்காளத்தில் சொல்ல வாய் வரவில்லை. அது எனக்குள் தமிழில் மட்டும்தான் இருந்தது. இரண்டு முறை தடுமாறினேன். தங்கை என்னைப் பாராமலே, “நீ தமிழ்ல சொல்லுக்கா. நான் அவருக்குச் சொல்லுதேன்” என்றாள்.

நான் ஒரு வாக்கியம் தமிழில் சொல்ல, அவள் ஒரு வாக்கியம் வங்காளத்தில் சொன்னாள். அந்த அறையில் ரயில் சத்தத்துக்கு நடுவே நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறிப் பேசினோம். அவள் ஒன்றையும் முழுங்கவில்லை. படகு திரும்பியது. கரை வந்தது. உன்னை மறந்துட்டேன்க்கா என்றேன், அவள் அதை வங்காளத்தில் சொன்னாள். தெரியும், செருப்பைப் போடு, மண் சுடுது என்று முடித்தேன்.

அதையும் சொன்னாள். சொல்லிவிட்டு நிறுத்தவில்லை, கதையை மேலே கொண்டுபோனாள். தங்கை செருப்புக்குள் காலை விட்டாள், செருப்பு சில்லென்று இருந்தது, என்றாள். அத்தனை நாளும் அக்கா வெயிலில் நின்றுகொண்டு, செருப்பைத் தன் நிழலில் வைத்திருந்தாள்.

நான் திடுக்கிட்டு அவளைப் பார்த்தேன். அது நான் சொல்லாதது. திரைக்கதையிலும் இல்லாதது. ஊரெல்லாம் நிழல் தொலைந்த கதையில், நிழல் மிச்சமிருந்த ஒருத்தி அதை வைத்து என்ன செய்திருப்பாள் என்று நாற்பது வருஷத்தில் ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லையே! என் அடிவயிற்றில் பழைய இடத்தில் பற்றிக்கொண்டது. அதே நேரம் கண்ணும் கலங்கியது. இரண்டும் ஒன்றாக வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

கிழவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அந்த அக்கா என்ன ஆனாள் என்று கேட்டு அப்பாவுக்கு நிறையக் கடிதம் வரும், அவர் பதிலே போட்டதில்லை, அவருக்கே தெரியாது, மறந்துவிட்டார், அவ்வளவுதான், என்றார். பென்சில் கோட்டை ரப்பரால் அழித்தார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். இந்த இடம் அப்பாவுடையது இல்லை, கரையோரக் காட்சி முழுவதும் மூத்த சகோதரி சொன்னது என்று டைட்டிலில் என் பெயர் போட்டுத் தெளிவாகக் காட்ட வேண்டும். செருப்பு சில்லென்று இருப்பது கட்டாயம் படத்தில் இருக்க வேண்டும் என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். அது யார் சொன்னது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவருக்குத்தான் தமிழ் தெரியாதே. நான் திருத்தவில்லை.

வெளியே வந்ததும் நடைபாதையில் தங்கை என்னிடம் பாய்ந்தாள். “தொலைஞ்சு போச்சுன்ன? இத்தன வருசமா பீரோக்குள்ள வச்சு அடைகாத்திருக்க!”

“நீ அது மலர்ல இருந்துச்சுன்னு நெனச்சுத்தான...”

“நெனச்சேனா?” அவள் சிரித்தாள். “காலேஜ்ல ஒருத்தி வீட்ல அதே மலர் இருந்துச்சு. ரெண்டு நாள் உக்காந்து பக்கம் பக்கமாத் தேடினேன். எனக்கு அப்பவே தெரியும்.”

முப்பது வருஷமாகத் தெரிந்திருக்கிறது.

“அப்ப ஏன் ஏட்டி என்ட்ட ஒரு வார்த்த கேக்கல?”

“கேட்டா உன்னோடதாயிரும்லா.” கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. “எல்லாம் உன்னோடதுதான். எழுத்து உனக்குத் தெரியும், கதை உனக்குத் தெரியும், அம்மா கண்ண மூடிக்கிட்டுக் கேக்கது உன் குரல. நான் சும்மா படுத்துக் கெடந்தேன். இது ஒண்ணாவது என்னோடதா இருக்கட்டுமேன்னு நெனச்சேன். இப்ப டைட்டில்ல அதும் உன் பேர்ல போவுது. போதுமா?”

போதும் என்று நான் சொல்லவில்லை. ஷேர் ஆட்டோவில் அவள் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள், நான் பின்னால் உட்கார்ந்தேன். மலர் என் மடியில் இருந்தது. இறங்கும்போது அதை அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். நன்றி எல்லாம் சொல்லவில்லை.

பிள்ளைக்குப் பல் விழுவதற்குள் படம் எடுத்துவிட்டார்கள். முதல் காட்சிக்கு இரண்டாம் வரிசையில் எனக்கு ஸீட் போட்டிருந்தாள். டைட்டிலில் என் பெயர் வந்தது. ஒரு வாய் எச்சில் விழுங்கும் நேரம்தான், ஆனால் தனியாக வந்தது. அந்த இடத்தில் மட்டும் நான் அவளிடம் எந்தக் குறையும் காணவில்லை.

ஆறு வந்தது, கரை வந்தது. உன்னை மறந்துவிட்டேன் என்ற இடத்தில் தியேட்டர் அமைதியாக இருந்தது. மண் சுடுகிறது என்ற இடத்திலும் அமைதிதான். அது என் வரி. அந்தச் சின்னப் பெண் செருப்பில் காலை விட்டு, முகம் மலர்ந்து, “ஈஷ், கீ டண்டா!” என்றாள். எத்தனை சில்லென்று இருக்கிறது! காமிரா மெதுவாகத் தரையில் கிடந்த அக்காவின் நிழலுக்கு இறங்கியது. தியேட்டர் முழுக்க மூக்கை உறிஞ்சும் சத்தம். என் பின்னால் ஒரு குழந்தை ஓவென்று அழுதது. ஒரு வரி, ஒரே ஒரு வரி, அதற்கு மொத்த ஜனமும் அழுகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெளியே கூட்டத்தில் ஓர் அம்மாள் என்னைத் தேடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “தீதி, நீங்கள்தானே அந்தக் காட்சி? அந்தச் செருப்பு சில்லென்று இருந்ததே, அதை எப்படி யோசித்தீர்கள்? என் அக்கா ஞாபகம் வந்து அழுதுவிட்டேன்.”

தங்கை இரண்டு எட்டு தள்ளி நின்றுகொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நான் என்ன சொல்வேன் என்று பார்த்தாள்.

ஆமாம் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பொய் சொல்ல மாட்டேன், வந்துவிட்டது. அதை உள்ளே தள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

“அது நான் இல்லை. அந்த வரி இவளுடையது. என் தங்கை” என்று கையைக் காட்டினேன்.

அந்த அம்மாள் தங்கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “அக்கா என்றால் இப்படித்தான் இருப்பாள். தனக்கு வந்த பேரைக்கூடத் தங்கைக்குக் கொடுக்கிறீர்களே!” என்று என்னைக் கட்டிக்கொண்டாள். பக்கத்திலிருந்த நாலு பேரும் என்னைப் பார்த்து ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒருவர் போட்டோ எடுத்தார்.

“நிஜமாகவே அவள்தான்” என்றேன். இன்னும் பலமாகத் தலையாட்டினார்கள்.

தங்கை கைகளைக் கட்டிக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு, அழவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் நின்றாள். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். பேப்பரில் அவள் படத்தைப் பார்த்த நாளிலிருந்து தினமும் காலையில் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வா, போவோம்” என்றேன்.

“நீ போ. எல்லாரும் உனக்காகத்தான நிக்காங்க” என்றாள். ஆனால் அவள் போய்விடவில்லை. கூட்டம் கலைந்து நான் வரும் வரை, என் கைப்பையை வாங்கி வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.